நான் வரைந்த பாட்டி யாருக்குச் சொந்தம்?

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 31. கிரைண்டர், மிக்ஸி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டு ஏழு மாதமாக டிசைனர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த ஆபீஸில் டிசைனர் என்று இருப்பது இவர் ஒருவர்தான். அட்டைப்பெட்டி, கேட்லாக், டீலர் கடை வாசலுக்கு ஃபிளெக்ஸ், ஆடித் தள்ளுபடி போஸ்டர் தொடங்கி முதலாளி மகளின் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாம் இவர் மேஜைக்குத்தான் வரும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் இவருக்குப் பெயரே "படம் போடுற பொண்ணு"தானாம்.

மூன்று வருடத்துக்கு முன் நிறுவனத்துக்காக ஒரு பாட்டியை வரைந்தார். ஒரு பக்கம் சரிந்த கொண்டை, நூல் போட்டுக் கட்டிய மூக்குக்கண்ணாடி, ஆட்டுக்கல்லின் குழவியைப் பிடித்த கை. அந்தப் பாட்டி இன்று அவர்களுடைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறாள். இந்த ஆண்டு நிறுவனம் சென்னையிலிருந்து ஒரு விளம்பர ஏஜென்சியைக் கொண்டுவந்தது. ஏஜென்சி பாட்டிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, குத்தாட்டம் போடவைத்து வீடியோ எடுத்தது. அதை ஒரு விருதுக்கும் அனுப்பிவிட்டது. உழைத்தவர்கள் பட்டியலில் ஏஜென்சிக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். இவர் பெயர் இல்லை.

இதற்கிடையே பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் இவரை எடுக்கத் தயாராக இருக்கிறது. போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கிறார்கள். இங்கே ஹெச்.ஆர். "என்.டி.ஏ. (ரகசியக் காப்பு ஒப்பந்தம்) இருக்கு, கம்பெனி வேலை எதையும் வெளியே காட்டக் கூடாது" என்கிறார். இடையில் விலகினால் ஒன்றரை லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்டு, 90 நாள் நோட்டீஸ் வேறு. கடிதத்தின் கடைசிப் பகுதியில் கோபம் தெரிகிறது: "பாட்டியை நான் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து என் சொந்த ஐபேடில் வரைந்தேன். அப்படியென்றால் அது என்னுடையதுதானே? ஒரிஜினல் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டுக் கிளம்பினால் அப்போது தெரியும் என் அருமை. செய்யலாமா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் நிறுவனத்தின் கணினியில், சர்வரில், டிரைவில் இருக்கும் தகவலை அனுமதியில்லாமல் அழிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவில் வருகிறது. அதையே கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்று உங்கள் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. ஃபைலை அழித்த மறுநாள் அந்த வாதத்தைக் கேட்க ஆள் இருக்காது. சைபர் கிரைம் புகாரில் நீங்கள்தான் எதிர்த்தரப்பு. அதனால் நேர்மாறாகச் செய்யுங்கள். எந்த ஃபோல்டரில் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் மெயிலில் முறையாக ஒப்படையுங்கள். "சோர்ஸ் ஃபைல்கள் இவை, ஒப்படைத்த நாள் இது" என்ற அந்த மெயில் பிறகு உங்களுக்கே கவசம். வீட்டில் உள்ள ஹார்டு டிஸ்கில் ஆபீஸ் ஃபைல்களின் நகல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதையும் மறைக்காமல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

வீட்டில், ராத்திரி, சொந்த ஐபேடில்

உங்கள் தொழிலில் உள்ளவர்கள் பலரும் என்னிடம் சொல்லும் வாதம் இது. துரதிர்ஷ்டவசமாக, சட்டம் மணி பார்ப்பதில்லை. யாருடைய ஐபேடு என்றும் கேட்பதில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17(சி) பிரிவு சொல்வது இதுதான்: சம்பள வேலையில் இருக்கும் ஒருவர் அந்த வேலையின் பகுதியாகப் படைத்தது எதுவோ, அதன் முதல் உரிமையாளர் முதலாளி. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். உங்கள் ஆஃபர் லெட்டரில் அப்படி எதுவும் இல்லை. பார்த்துவிட்டேன்.

எனவே கேட்க வேண்டியது, பாட்டியை வரைவது உங்கள் வேலையின் பகுதியா என்பதுதான். நீங்களே அனுப்பிய வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் பதில் இருக்கிறது. மார்க்கெட்டிங் மேனேஜர் குரூப்பில் "பெட்டியில வைக்க ஒரு கேரக்டர் மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்று போட்டிருக்கிறார். நீங்கள் "ஓகே சார்" என்றிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் படத்தை அதே குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். இதற்கு மேல் அவர்களுக்குச் சாட்சி தேவையில்லை. தூக்கத்தைத் தியாகம் செய்து வரைந்தீர்கள் என்பது உண்மை. அதற்கு மரியாதை உண்டு. உரிமை இல்லை.

இதில் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். சித்தப்பா மகனின் பேக்கரிக்குக் காசு வாங்காமல் லோகோ போட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே நீங்கள் சம்பளக்காரர் அல்ல. எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த லோகோவின் பதிப்புரிமை இன்னமும் உங்களுடையது. சம்பளம் வாங்கி வரைந்த பாட்டி அவர்களுக்கு, சும்மா வரைந்த பன் படம் உங்களுக்கு. (வேலையில் இருக்கும்போது வெளிவேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் ஆஃபர் லெட்டரில் இருக்கிறது. பணிக்காலத்தில் அந்த மாதிரி நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லிவிட்டது. கிளம்பும் வரை பேக்கரிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.)

2016 ஆண்டு நோட்டுப் புத்தகம்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இந்தப் பாட்டியை நான் 2016இல் காலேஜில் படிக்கும்போதே நோட்டில் ஒரு மாதிரி வரைந்திருக்கிறேன், இன்ஸ்டாகிராமில்கூட இருக்கும்." உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள்!

வேலையில் சேர்வதற்கு முன் வரைந்தது முழுக்க உங்களுடையது. அதன் பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க 19ஆம் பிரிவின்படி எழுத்தில் ஒப்பந்தமும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அப்படி எதுவும் நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பழைய படத்தை அடிப்படையாக வைத்து அலுவலகத்துக்காகப் புதிய படம் வரைந்தீர்கள் என்று காட்ட முடிந்தால், புதியது அவர்களுடையது, பழையது உங்களுடையது என்று விஷயம் இரண்டாகப் பிரிகிறது. அதற்காக "பெட்டியிலிருந்து பாட்டியை எடு" என்று கேட்க முடியும் என்று நினைக்காதீர்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, மூன்று வருடம் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறீர்கள். பயன்படுத்த நீங்கள் சம்மதித்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் "இந்தப் பாட்டிக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆட்டுக்கல் முன் உட்கார்ந்த பாட்டி என்ற எண்ணத்தை ஒதுக்கிவிடுங்கள். எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்பது 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விதி. ஆட்டுக்கல்லும் பாட்டியும் தமிழ்நாட்டில் யாருக்கும் தனிச் சொத்து இல்லை. பார்க்க வேண்டியது வேறு. 2016 படத்திலும் கொண்டை இடது பக்கம்தான் சரிகிறது. கண்ணாடியின் வலது காம்புக்குப் பதில் நூல், அந்த நூல் காதைச் சுற்றி இரண்டு சுற்று. குழவியைப் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் தூக்கியிருக்கிறது. பெட்டியில் உள்ள பாட்டியிடமும் இவை அப்படியே இருக்கின்றன. புடவைக் கட்டமும் முகத்தின் வயதும் மாறியிருக்கின்றன. ஒற்றுமை என்று வழக்கறிஞர்கள் பேசுவது இந்தச் சுண்டுவிரலைப் பற்றித்தான்.

இன்றே செய்ய வேண்டியது: அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். பக்கத்தைக் கிழித்து ஃபிரேம் போட வேண்டாம், நோட்டாகவே இருக்கட்டும். இன்ஸ்டாகிராம் பதிவைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் பதிவைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. அன்று அதில் கமெண்ட் போட்ட வகுப்புத் தோழிகள் இன்றும் தொடர்பில் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வி. நிறுவனம் எப்போதாவது "என்.ஓ.சி." என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியதா? பதிப்புரிமை அலுவலகத்தில் ஓவியத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் படைத்தவர் பெயருக்கு ஒரு இடம், உரிமையாளர் பெயருக்கு வேறு இடம். இரண்டும் வேறு ஆள் என்றால் படைத்தவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை அலுவலகம் வழக்கமாகக் கேட்கும். அப்படி ஒன்றில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், அந்தப் பதிவிலேயே படைத்தவர் நீங்கள் என்று இருக்க வேண்டும். கையெழுத்திடாமலே பதிவாகியிருந்தால் அங்கே யார் பெயரைப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். கிண்டியில் உள்ள டிரேட்மார்க் பதிவு இதிலிருந்து தனி. பாட்டியைச் சின்னமாக நிறுவனம் அங்கே பதிவு செய்திருந்தால் அது வணிகச் சின்னத்துக்கான உரிமை; யார் வரைந்தார் என்பதைப் பற்றி அது பேசாது.

சொந்தம் வேறு, பெயர் வேறு

நீங்கள் உண்மையில் கேட்பது பணமா? கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். எங்குமே தொகை இல்லை. "என் பெயர் இல்லை" என்பது நான்கு இடத்தில் வருகிறது.

பெயருக்குச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. 57ஆம் பிரிவு படைத்தவருக்கு இரண்டு உரிமைகளைத் தருகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அவை போவதில்லை. ஒன்று, இதைப் படைத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. இரண்டு, தன் மதிப்புக்கும் நற்பெயருக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உரிமை. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுவிட்டது. சிற்பம் அரசின் சொத்துதான். ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததைச் சிற்பியிடமே திருப்பித் தரச் சொல்லி, ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் விதித்தது. அவர் தனித்து இயங்கிய சிற்பி. மாதச் சம்பளத்தில் இருக்கும் டிசைனருக்கும் அதே எடை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கும் இடமே அதுதான்.

இரண்டில் எது உங்களுக்குப் பயன்படும்? கூலிங் கிளாஸும் குத்தாட்டமும் உங்கள் மனதைப் புண்படுத்தியிருக்கின்றன. வீடியோவை நானும் பார்த்தேன், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ரசனைக் குறைவு சிதைவாகாது. வேடிக்கையான விளம்பரப் பாத்திரத்தை இன்னும் வேடிக்கையாக ஆக்கியதால் உங்கள் நற்பெயர் கெட்டது என்று நிரூபிப்பது கடினம். அதை விட்டுவிடுங்கள். முதல் உரிமையைப் பிடியுங்கள்: வரைந்தது நான்.

உங்கள் ஹெச்.ஆர். "கம்பெனி வேலையில் தனி ஆள் பேர் எல்லாம் போடுறது வழக்கமே இல்ல" என்றாராம். ஏர் இந்தியாவின் விளம்பரச் சின்னமான மகாராஜா 1946இல் பிறந்தவர். அதை உருவாக்கியவர்கள் என்று இன்றும் இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன: விமான நிறுவனத்துக்குள்ளேயே வேலை பார்த்த பாபி கூக்கா, விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவ். மகாராஜா நிறுவனத்தின் சொத்து. பெயர்கள் அந்த மனிதர்களுடையவை. 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற ரூபாய்க் குறியை வடிவமைத்தவர் நம் ஊர்க்காரர் உதயகுமார் என்று பள்ளிப் பிள்ளைகள் வரை தெரியும். அந்தக் குறியை அவர் சொந்தம் கொண்டாடவில்லை. அவர் பெயரை யாரும் மறைக்கவும் இல்லை.

இதை எப்படிக் கேட்பது என்பதில் வரிசை முக்கியம். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். விருதுக்குழுவுக்கு இப்போதே எழுதாதீர்கள். ரிலீவிங் லெட்டர் இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. முதலாளியிடம் நேரில் பேசும் அளவுக்கு உங்களுக்குப் பழக்கம் உண்டு. அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஏழு தடவை மாற்றிக் கொடுத்தவர் நீங்கள். நேரில் போய், "சார், பாட்டியோட மூல ஓவியம் நான் பண்ணினது. விருது லிஸ்ட்ல அந்த ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அன்று மாலையே அதை மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள். ஏஜென்சிக்கு ஒரு பெயரைச் சேர்ப்பதில் செலவில்லை. பெரும்பாலும் நடந்துவிடும். நடக்கவில்லை என்றாலும் அவசரமில்லை. பதிப்புரிமை மீறலுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு காலம் இருக்கிறது. 62ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே தொடரலாம். ஏஜென்சி இருக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சான்றிதழ்களும் பணமும் கைக்கு வந்த பிறகு முடிவு செய்யலாம். வழக்கின் செலவையும் அலைச்சலையும் நினைத்தால், வெறும் பெயருக்காக அந்த எல்லை வரை போகச் சொல்லி நான் யாரையும் தள்ளுவதில்லை. 2016 படத்தையும் ஏஜென்சி எடுத்துக் கையாண்டிருந்தால் அப்போது கதை வேறு.

போர்ட்ஃபோலியோ

ஹெச்.ஆர். சொன்ன காரணம் தவறு. சொன்ன முடிவு முழுத் தவறு அல்ல.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் ரகசியத்தைத்தான் காக்கும். காந்திபுரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் அடுக்கி வைத்திருக்கும் பெட்டியில் என்ன ரகசியம்? ஆனால் அந்தப் பெட்டியின் டிசைன் நிறுவனத்தின் பதிப்புரிமையில் இருக்கிறது. அதை நகலெடுத்து உங்கள் இணையதளத்தில் போடுவதற்குச் சட்டத்தில் தனியான விலக்கு எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. டிசைன் உலகில் எல்லோரும் போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை என்பது நடைமுறை. கேட்க விரும்புகிற முதலாளிக்கு அந்த நடைமுறை தடையாகாது.

அதனால் அனுமதி கேளுங்கள், எழுத்தில். உங்கள் அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதுங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

"ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட கீழ்க்கண்ட வேலைகளை, நிறுவனத்தின் பெயரையும் உரிமையையும் குறிப்பிட்டு, என் தொழில்முறைப் போர்ட்ஃபோலியோவில் மாதிரியாக மட்டும் காட்ட அனுமதி வேண்டுகிறேன். விற்பனைக்கு வராத மாடல்கள், டீலர் விலைப்பட்டியல், நிராகரிக்கப்பட்ட மாற்று டிசைன்கள் எதுவும் இதில் இல்லை."

பட்டியலைச் சிறிதாக வையுங்கள். எட்டுப் பத்து வேலை போதும். பெரிய பட்டியலைப் பார்த்தால் ஹெச்.ஆர். சட்டப் பிரிவுக்கு அனுப்புவார்; அது அங்கே தூங்கும். பதில் வராவிட்டால், பெங்களூர் நேர்காணலில் திரையில் காட்டிப் பேசுங்கள். ஃபைலாக அனுப்பாதீர்கள், பொது இணையத்தில் ஏற்றாதீர்கள். சந்தைக்கு வராத மாடல் ஒன்றின் படம்கூட அதில் இருக்கக் கூடாது. உண்மையான ஆபத்து அதில்தான், அதில் மட்டும் ஹெச்.ஆர். சொல்வதே சரி. இன்னொன்று: மென்பொருள் நிறுவனம் பெட்டியின் அழகைப் பார்த்து மட்டும் ஆள் எடுக்காது. டீலர்கள் பாக்ஸைத் திறக்காமலே எந்த மாடல் என்று கண்டுபிடிக்க நிறப்பட்டை வைத்தீர்களே, அதை எப்படி யோசித்தீர்கள் என்று புதிதாக ஒரு வரைபடம் போட்டு விளக்குங்கள். நிறுவனத்தின் பெயரும் படமும் இல்லாமலே அதைச் சொல்ல முடியும்.

பாண்டு, நோட்டீஸ், பணிக்கொடை

போட்டி நிறுவனத்தில் இரண்டு வருடம் சேரக் கூடாது என்ற நிபந்தனையை மறந்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. பெங்களூர்க்காரர்கள் கிரைண்டரும் விற்கவில்லை.

பாண்டு வேறு. அது செல்லவே செல்லாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது பொதுத்துறை வங்கி. புதிதாக ஆள் எடுக்க அது நாடு தழுவிய தேர்வுமுறையை நடத்த வேண்டும் என்ற செலவை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. உங்கள் பாண்டு ஒரு இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சிக்கு. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பயிற்சிக்கு என்ன கட்டினார்கள், பில் எங்கே என்று பணிவாக மெயிலில் கேளுங்கள். பல பாண்டுகள் அந்தக் கேள்வியிலேயே பாதியாகிவிடும்.

நோட்டீஸ் காலத்தைச் சுருக்கிக்கொள்ளப் பணம் கட்ட யோசிக்கிறீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு முழுசாக முடிய வேண்டும் என்று எண்ணி அதை மனதிலிருந்தே கழற்றிவிட்டீர்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதுவே தொடர்ச்சியான ஓர் ஆண்டாகக் கணக்கில் வரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் ஏற்றிருக்கிறது. நான்கு ஆண்டு ஏழு மாதத்தோடு 90 நாளையும் முழுக்க இருந்தால், ஞாயிறுகளைக் கழித்தாலும் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். சீக்கிரம் கிளம்பினால் ஒவ்வொரு நாளுக்கும் வாதாட வேண்டிவரும். கணக்கு எளிது: மாத ஊதியம், பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் ஆண்டுகள். உங்கள் பே ஸ்லிப்பில் அடிப்படை 20,000, மொத்தம் 52,000. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இதர படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். ஆக 26,000. ஐந்து ஆண்டுக்கு 75,000 ரூபாய். ஒரு மாத நோட்டீஸுக்கு நீங்கள் கட்ட நினைத்த தொகையையும் இதோடு கூட்டிப் பாருங்கள். பிறகு பெங்களூரில் ஒரு மாதம் அவகாசம் கேட்க முடியுமா என்று யோசியுங்கள். அதே தொகுப்புகளில் இன்னொரு மாற்றம்: விலகிய ஊழியருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்" என்றால் இதைச் சொல்லுங்கள்.

பென் டிரைவில் வந்த ஃபான்ட்

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் கணினியில் உள்ள டிசைன் மென்பொருள் கிராக் செய்தது, தமிழ் ஃபான்டுகள் முந்தைய டிசைனர் அண்ணா பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனவை, மேனேஜர் "எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான்" என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். நிறுவனமும் அதை நடத்துபவர்களும் 69ஆம் பிரிவில் மாட்டுவார்கள். அதனால் விசைப்பலகை முன் உட்கார்ந்தவர் தப்பிவிட்டார் என்று ஆகாது.

லைசென்ஸ் வாங்கித் தரும்படி ஒரு மெயில் போடுங்கள். மிரட்டும் தொனி வேண்டாம். "பெட்டிகள் ஏற்றுமதியாகின்றன, அங்கே கேள்வி வரலாம்" என்று எழுதினால் போதும். தமிழ் எழுத்துக்குச் செலவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பவனம், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வணிகப் பயன்பாட்டுக்கும் தடை இல்லை. யூனிகோடு என்பதால் போஸ்டரில் அடித்ததை அப்படியே இணையதளத்தில் ஒட்டலாம். பழைய ஃபான்டில் அடித்த தமிழ் அங்கே போனதும் கோழி கிளறியது போல் ஆகும் தொல்லையும் தீரும்.

கடைசியாக, பெங்களூர் ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் முன் இரண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, வெளியான வேலைகளை உங்கள் பெயரோடு போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி. ஒரு வாக்கியம் போதும். இரண்டு, சேர்வதற்கு முன் நீங்கள் படைத்தவற்றின் பட்டியல், இணைப்பாக. மென்பொருள் நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இதற்கென்றே பெரும்பாலும் ஒரு பக்கம் இருக்கும். எல்லோரும் அதில் "இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் நிரப்புங்கள். கல்லூரி நோட்டுகள், பேக்கரி லோகோ, விற்காமல் வைத்திருக்கும் ஓவியங்கள் எல்லாவற்றையும் ஆண்டோடு எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பாண்டு விஷயத்தில் பில் வராமல் பணம் மட்டும் கேட்டார்கள் என்றால், எதையும் கட்டுவதற்கு முன் எனக்கு மறுபடி எழுதுங்கள்.